ஓடித்தான் போயிட்டா

"ஓடுற பொண்ணை எவன்டா கட்டுவான்?" என்று நாத்தனார் கேட்டபோது, பெற்றோர் சம்மதப் படிவம் கையெழுத்தில்லாமல் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. ஐந்து மணிக்குள் அது கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். இப்போதே மூன்றரை. கேள்வி தம்பிக்கு, குத்தல் தம்பி பெண்டாட்டிக்கு.

அந்தத் தம்பி பெண்டாட்டியை எல்லோரும் ஜன்னலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் பதிவு ஜன்னலுக்குப் பின்னால் பதினாறு வருஷமாக உட்கார்ந்து படிவம் வாங்குகிறவள். அவள் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம், எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. பல நாட்டு மாணவ வீரர்கள் வெளிநாட்டில் கூடும் சந்திப்புக்குத் தேர்வாகியிருந்தாள். காலையில் போட்டி, மத்தியானம் வகுப்பு.

புருஷன் யாரையும் பகைத்துக்கொள்ளாத மனிதர். தன் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்து, காலையிலேயே பயிற்சியாளருக்குப் போன் போட்டிருந்தார். "சார், மத்தியானம் படிப்புக்கு மட்டும் வரட்டும். காலையில ரூம்லயே இருக்கட்டும்." "ஓடாம வந்து உக்காந்துட்டுப் போக இது என்ன கல்யாண வீடா சார்?" என்று கேட்டுவிட்டுப் பயிற்சியாளர் போனை வைத்துவிட்டார்.

"மாப்பிள்ளை வீட்டுல அடுத்த மாசம் வர்றாங்க. தொடை தெரிய ஓடுறவள்னு தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றாள் நாத்தனார்.

மகள் சுவரைக் காட்டினாள். அங்கே அவள் அண்ணன் கால்பந்துக் கோப்பையோடு, அரைக்கால் சட்டையில் சிரித்துக்கொண்டிருந்தான். புருஷன் வாராவாரம் துடைக்கிற படம் அது.

"அவன் தொடைக்கு ஃபிரேம், என் தொடைக்குத் தடையா அத்தை?"

"வாயைப் பாரு! இன்னைக்கு ஓடுவா, நாளைக்கு ஓடிப்போயிடுவா!"

நாத்தனாருக்கு இரண்டு ஓட்டமும் ஒன்றுதான். புருஷன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். "அப்பா கையெழுத்து இல்லாம எப்படிப் போவா? விடுங்க."

ஜன்னலம்மாவுக்குச் சுருக்கென்றது. ஒரு நாளைக்கு நூறு பேரிடம் அவள் சொல்கிற வாசகம் ஒன்று உண்டு. பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூட அதைத் தன் வீட்டுக்குள் சொன்னதில்லை. மகளுடைய எந்தப் படிவத்திலும் அவள் பேனா பட்டதில்லை. வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. புருஷனின் பையிலிருந்த பேனாவை உருவினாள்.

"அப்பா இல்லன்னா அம்மா. யாராவது ஒருத்தர் போட்டா போதும்," என்றாள், அதே ஜன்னல் குரலில்.

"நான் இருக்கேனே..." என்று முனகினார் புருஷன்.

அவள் கையெழுத்தைப் போட்டுப் படிவத்தை மகளிடம் நீட்டினாள். பழக்க தோஷத்தில் நாத்தனாரைப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்றும் கேட்டுவிட்டாள்.

நாத்தனார் சும்மா இருப்பாளா? அடுத்த மாதம் மகள் விமானம் ஏறிய நாலாம் நாள், மாப்பிள்ளையின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. புருஷன் எடுக்கப் பயந்து, மகன் படத்தைத் துடைக்கப் போய்விட்டார். ஜன்னலம்மாதான் எடுத்தாள்.

"என்னங்க இது, உங்க பொண்ணு ஓடிப்போயிட்டாளாமே?"

"ஆமாங்க, ஓடித்தான் போயிட்டா," என்றாள் ஜன்னலம்மா. "இன்னைக்குக் காலையில ரெண்டாவதா வந்தா."