வெந்நீர் எம்.டி.

பொன்னுராஜ் டாக்டர் இல்லை. அதை ஊருக்குச் சொல்லத்தான் அவருக்கு இத்தனை வருஷமாக நேரம் கிடைக்கவில்லை.

தேனி மதுரை ரோட்டில் அவருக்கு மோட்டார் பம்புக் கடை. கடை தொடங்கியபோது விசிட்டிங் கார்டு அடித்த அச்சகக்காரர், "பேருக்குப் பின்னாடி ஏதாச்சும் போடணுமாண்ணே?" என்று கேட்டார். பி.காமைப் பாதியில் விட்டிருந்த பொன்னுராஜ் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மேனேஜிங் டைரக்டர் என்று போடச் சொன்னார். கார்டில் அவ்வளவு இடமில்லை. 'பி. பொன்னுராஜ், எம்.டி.' என்று அடித்து வந்தது. அவர் நிர்வாகம் செய்வதற்குக் கடையில் ஒரே ஒரு ஆள் இருந்தார். அவரும் மழை பெய்தால் வரமாட்டார்.

கார்டில் இருந்த எம்.டி. கடைப் பலகைக்கு ஏறியது. அங்கிருந்து கல்யாணப் பத்திரிகைகளுக்கும் சர்ச் அசன விருந்து நோட்டீசுக்கும் பரவியது. மோட்டார் வாங்க வந்த விவசாயிகள் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு, கையோடு முட்டிவலியையும் சொல்லத் தொடங்கினார்கள். பொன்னுராஜ் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார், கண்ணை மூடி முழுக்கக் கேட்பார், பிறகு "வெந்நீர் குடிங்க" என்பார். முட்டிவலிக்கு வெந்நீர். தூக்கம் வராவிட்டாலும் வெந்நீர். தூக்கம் அதிகமாக வந்தாலும் அதுவே.

"மார்க்கையன்கோட்டைக்காரர் மாட்டுக்கும் வெந்நீர்தான் சொன்னீகளாமே?" என்று மனைவி ஜெபஷீலா ஒருநாள் கேட்டாள்.

"மாடு நல்லாத்தானே இருக்கு?" என்றார் பொன்னுராஜ்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வைத்தியத்தில் மகள் ஷீபா குறுக்கிட்டாள். அவளுக்கு நிஜமாகவே டாக்டராக வேண்டும். நீட் தேறியிருந்தாள், ஆனால் இங்கே சீட்டுக் கிடைக்கும் அளவுக்கு மார்க் இல்லை. தேடிப் பிடித்து பிலிப்பைன்ஸில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தாள். முதலில் பி.எஸ்., அதைத் தொடர்ந்து எம்.டி. இரண்டு படிப்புக்கும் சேர்த்து ஒரே சேர்க்கை. எல்லாம் தாண்டி, கடைசியாக லேப்டாப்பில் ஒரு நேர்காணல்தான் பாக்கி. இதுவும் போனால் விலங்கியல் படிக்க வேண்டியதுதான். அது மோசமான படிப்பு என்று அவள் சொல்லவில்லை. தவளையோடு நின்றுவிடும் என்றுதான் வருத்தப்பட்டாள்.

பொன்னுராஜுக்கு வேறொரு சந்தோஷம். மச்சினன் எபனேசரைக் கடைக்கு வரச்சொல்லிச் சொன்னார். "இங்க எம்.பி.பி.எஸ். முடிச்சிட்டு, அதுக்கு மேல முட்டி மோதி எம்.டி. வாங்குறாக மாப்ள. அங்கன எடுத்த எடுப்புலயே எம்.டி.தான்."

சின்னமனூரில் உரக்கடை வைத்திருக்கும் எபனேசர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார், "நீங்க எடுக்காமலே ஆயிட்டீக மச்சான். அவ ஒங்க புள்ளதானே, எடுத்தாச்சும் ஆகட்டும்."

நேர்காணல் அன்று வீட்டில் நெட் சரியில்லை என்று கடையின் பின்னறையில் உட்காரவைத்தார்கள். ஷீபாவுக்கு வெறும் சுவர் போதும். பொன்னுராஜுக்குப் போதவில்லை. பம்புக் கம்பெனிக் காலண்டரைக் கழற்றிவிட்டு, வியாபாரிகள் சங்கம் பாராட்டு விழாவில் கொடுத்த ஷீல்டை அவள் தலைக்கு மேலே மாட்டினார். தங்க நிறத்தில், கட்டை எழுத்தில், இங்கிலீஷில்: பி. பொன்னுராஜ், எம்.டி.

"எதுக்குப்பா இது?"

"பின்னால ஒரு வெயிட்டு தெரியணும் ஆத்தா."

எபனேசரைக் கடை வாசலில் காவலுக்கு நிறுத்தினார். தான் மட்டும், மகளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று, அறை மூலையில் சாய்த்து வைத்திருந்த பி.வி.சி. பைப்புகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

திரையில் இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைமுடி வைத்த ஓர் அம்மா, அவர்தான் டீன். பக்கத்தில் ஒல்லியாக ஒரு பேராசிரியர். உயிரியலில் கேட்டார்கள், ஷீபா சொன்னாள். வீட்டை விட்டு இத்தனை வருஷம் இருப்பாயா என்று கேட்டார்கள், அதற்கும் சொன்னாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. திடீரென்று டீன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேமராவை நெருங்கினார்.

"உன் பின்னால் இருப்பது அப்பாவின் பெயரா? எம்.டி.! டாக்டர் வீட்டுப் பிள்ளை என்று நீ சொல்லவே இல்லையே. அப்பாவிடமிருந்து மருத்துவத்தில் என்ன கற்றுக்கொண்டாய்?"

பைப்புகள் லேசாக ஆடின. பொன்னுராஜ் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மகள் பார்க்கவில்லையோ என்று கையையும் ஆட்டினார்.

அதே நேரம் வாசலில் ஒரு குரல் கேட்டது. "டாக்டரு இருக்காகளா?"

மார்க்கையன்கோட்டை ஒச்சாண்டி. பொன்னுராஜின் நெடுநாள் நோயாளி, மாட்டுக்கும் சொந்தக்காரர். எபனேசர் தடுத்துப் பார்த்தார். "உள்ள முக்கியமான வேலை நடக்குதுண்ணே." ஒச்சாண்டி விடவில்லை. "டாக்டர ஒரு எட்டு பாத்துட்டுப் போயிருறேன்." டாக்டர் என்ற சொல் மட்டும் கடல் தாண்டித் தெளிவாகப் போய்ச் சேர்ந்தது.

"நோயாளி வந்துவிட்டார் போலிருக்கிறது," என்றார் பேராசிரியர் மரியாதையாக.

சாட்சியும் தானாக நடந்து வந்தாயிற்று. ஷீபா ஒரு 'யெஸ் மேம்' சொன்னால் முடிந்தது. அவள் ஷீல்டைத் திரும்பிப் பார்த்தாள், பைப்புகளையும் பார்த்தாள். படிப்பின் முதல் வார்த்தையே பொய்யாக இருக்க வேண்டுமா என்று தோன்றியது.

"இல்லை மேம். அது மேனேஜிங் டைரக்டர். எங்கப்பா மோட்டார் பம்பு விற்கிறார்."

பைப்புகள் ஆடுவது நின்றது.

"ஆனால் வெளியே ஒருவர் டாக்டர் என்று கூப்பிட்டாரே?"

"நிறையப் பேர் அப்படித்தான் கூப்பிடுவார்கள் சார். அப்பா மறுக்கமாட்டார். எல்லா நோய்க்கும் வெந்நீர் குடிக்கச் சொல்லுவார்."

டீன் வாயைப் பொத்திக்கொண்டார். "குணமாகிறதா?"

"பாதிப் பேருக்கு. மீதிப் பேருக்கு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது மேம். அதற்காகத்தான் விண்ணப்பித்தேன்."

இருவரும் சிரித்தார்கள். நன்றி சொன்னார்கள். திரை அணைந்தது. சிரித்தது நல்லதற்கா கெட்டதற்கா என்று ஷீபாவுக்குத் தெரியவில்லை.

பொன்னுராஜ் சிலந்தி வலையோடு வெளியே வந்தார். "ஒரு யெஸ் சொல்லியிருந்தா என்ன ஆத்தா?"

"சொல்லியிருந்தா அடுத்து ஒங்களக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டிருப்பாகப்பா."

அதை அவர் யோசித்துப் பார்த்திருக்கவில்லை. வலையைத் தட்டிவிட்டு முன்பக்கம் போனார். ஒச்சாண்டி ஸ்டூலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். "வெந்நீரு இதுக்குக் கேக்கல டாக்டரே. மாசக்கணக்கா இருமுறேன்."

பொன்னுராஜ் வழக்கம்போலக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு திரும்ப மாட்டிக்கொண்டார். "ஒச்சாண்டி, நான் டாக்டர் இல்லப்பா."

"தெரியும் மொதலாளி."

"தெரியுமா?"

"பைப்பு விக்கிற டாக்டர எங்க கண்டோம்? டாக்டர்ட்ட போனா ஊசி போடுவாக. நீங்கன்னா காது குடுத்துக் கேட்டுட்டு வெந்நீரோட விட்டுருவீகள்ல."

எபனேசர் வாசல் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். பொன்னுராஜ் ஒச்சாண்டியை வண்டியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே சளியைச் சோதித்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. கிளம்பும்போது அங்கிருந்த டாக்டரும் வெந்நீர் குடிக்கச் சொன்னார். அன்று முழுக்க பொன்னுராஜ் அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. ஷீபாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. கீழே டீன் தானாக ஒரு வரி சேர்த்திருந்தார். வெந்நீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டு வரவும்.

ஷீபா அதைத் தமிழில் வாசித்தபோது ஜெபஷீலா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பொன்னுராஜ் கேள்வியை மிகவும் தீவிரமாக எடுத்துக்கொண்டார். "நாக்குப் பொறுக்குற சூடுன்னு சொல்லு. எழுதிக்க ஆத்தா, மறந்துராத."

"அப்ப மச்சான், பலகையில எம்.டி.ய அழிச்சிருவமா?" என்றார் எபனேசர்.

பொன்னுராஜ் ரோட்டுக்கு இறங்கிப் பலகையை அண்ணாந்து பார்த்தார். பெயின்ட் இன்னும் புதிதாகத்தான் இருந்தது.

"எதுக்கு மாப்ள? கம்பம் பஸ்ஸுல சன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிக்கிறதில்லயா? புள்ள வந்து ஏறுற வரைக்கும் துண்டு கெடக்கட்டும்."

"அவ வந்ததும் எந்திரிச்சிருவீகளா?" என்றாள் ஜெபஷீலா.

"பக்கத்துல உக்காந்துக்கிறேன்," என்றார் எம்.டி.