பிச்சம்மாள் பெயரில் ஒரு சீட்டு

"ஏட்டி, தூங்குதியா? கை வேகுது, எடுட்டி!"

புருஷன் கைலாசம் போட்ட சத்தத்தில் லோகநாயகி கண் விழித்தாள். தோசைக்கல்லின் விளிம்பில் அவளுடைய இடது கை கிடந்தது. தோல் வெளுத்துச் சுருங்கிய பிறகுதான் எரிச்சல் தெரிந்தது.

"காலைல எட்டு மணிக்கு நின்னுக்கிட்டே தூங்குத பொம்பளைய எங்கனயாவது பாத்திருக்கியா?" என்று, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி பிச்சம்மாளிடம் அவர் கேட்டார். பிச்சம்மாள் அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

போன வருஷம் குற்றாலத்தில் தம்முடைய விடுதியிலிருந்து திரும்பும்போது கைலாசமும் இப்படித்தான் காரோட்டிக்கொண்டே தூங்கி, வாய்க்கால் சுவரில் மோதினார். மறுநாளே திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்றார்கள். ஒரு வாரத்தில் கட்டிலருகே மூச்சுக்கு மிஷின் வந்துவிட்டது. அதில் மூக்கில் மாட்டும் மூடியை தினமும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பது லோகநாயகியின் வேலை. அவர் குறட்டை நோய் ஆயிற்று. அவளுடைய குறட்டை கொழுப்பாகவே இருந்தது. அவளை அடுக்களையை ஒட்டிய அறைக்கு மாற்றிவிட்டார்.

"என்னையும் அந்த டாக்டர்ட்ட ஒரு தடவை காட்டுங்களேன்," என்றாள், கையில் தண்ணீரை ஊற்றியபடி.

"அங்கன எல்லாரும் என்னைத் தெரிஞ்சவனுவ. எம் பெஞ்சாதி குறட்டை விடுதான்னு நானே போயிச் சொல்லவா? மகளுக்கு மாப்பிள்ளை பாக்குத நேரம். தாய்க்காரிக்கு இருந்தா மகளுக்கும் இருக்கும்பான்."

"அப்ப சர்க்கார் ஆஸ்பத்திரிக்காவது போறேன்."

அவர் யோசித்தார். "நம்ம தெருவுல ஆரும் அங்கன சீட்டு எழுதுனதில்ல. போறதுன்னா உம் பேரச் சொல்லாத. இந்தப் பிச்சம்மா பேரக் குடு."

அப்படியே போனாள். டாக்டர் நூருன்னிசா அவள் கழுத்தை நாடாவால் அளந்தாள். பகலில் எங்கெங்கே, எப்போதெல்லாம் தூங்கினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். அதுவரை லோகநாயகியிடம் யாரும் அதை நோயாகக் கேட்டதில்லை.

"பிச்சம்மாள், இது சோம்பேறித்தனம் இல்லம்மா. ராத்திரி உங்களுக்கு மூச்சு நிக்குது. இப்படியே விட்டா இருதயம் தாங்காது. பெரியாஸ்பத்திரில ஒரு ராத்திரி படுக்க வச்சுப் பாக்கணும். செலவில்ல. ஆனா வரிசை இருக்கு."

ஐந்து வாரம் கழித்துத் தேதி வந்தது, பிச்சம்மாளின் பெயரில். ஆதார் அட்டையும் கொண்டுவரச் சொன்னார்கள்.

"அவ அட்டைய வாங்கிட்டுப் போ," என்றார் கைலாசம். "சங்கிலியக் கழட்டி வச்சிட்டு அவ சேலை ஒண்ணக் கட்டிக்க. அந்தப் போட்டோவுல எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான்."

பிச்சம்மாள் ஈரக்கையைத் துடைத்தாள். பதினோரு வருஷத்தில் அந்த வீட்டில் அவள் எதிர்த்துப் பேசியது அன்றுதான்.

"அட்டையும் தாரேன் ஆச்சி, சேலையும் தாரேன். ஆனா ஒண்ணு கேக்கேன். உங்க நோவ எம் பேர்ல எழுதிட்டிய. நாளைக்கு எனக்கு மூச்சு முட்டுனா நான் ஆரு பேரச் சொல்லி நிக்க? உங்க பேரச் சொன்னா விடுவாவளா?"

"பாத்தியா, வாய் நீளுதத!" என்று கைலாசம் சிரித்தார்.

லோகநாயகி அட்டையை வாங்கவில்லை.

மறுநாள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் முகம்மது ரபீக்கிடம் பழைய சீட்டை நீட்டினாள். "இது தப்பான பேரு. அடிச்சிட்டுப் புதுசா எழுதுங்க."

"அடிச்சா அந்தத் தேதி போயிரும்க்கா. மறுபடி கடைசிலருந்துதான் வரணும். அஞ்சாறு வாரம் ஆவும்."

அஞ்சாறு வாரம் என்றால் எத்தனை ராத்திரி என்று அவள் மனம் எண்ணத் தொடங்கியது. பயமாக இருந்தது.

"எழுதுங்க. லோகநாயகி. வீட்டுக்காரர் கைலாசம், குற்றாலத்துல லாட்ஜ் வச்சிருக்காரே, அவருதான். கோயிலுக்கு வடக்குத் தெரு. தூக்கத்துல மூச்சு நிக்குது. குறட்டை. அதையும் எழுதுங்க."

வரிசையே அவளைப் பார்த்தது. அவளுக்கு அடுத்து முக்காடிட்டு நின்றவள் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எதிர்வீட்டு வக்கீலின் மனைவி ஸ்ரீவித்யா. லோகநாயகி தெரியாதவள்போல விலகி நின்றாள்.

"அடுத்தாளு வாங்க. பேரென்ன?"

ஸ்ரீவித்யா குரலைத் தாழ்த்தி, தன் வீட்டில் கூட்டிப் பெருக்குகிறவளின் பெயரைச் சொன்னாள்.

"தங்கத்தாய்."

ரபீக் எழுதிக்கொண்டார்.