அரசு வக்கீலின் உரிமத்தை நான் பறித்த கதை

1
மனித குலத்துக்கு ஓர் அறிவிப்பு: இன்று காலை பத்து மணிக்கு நீதி வென்றது!
[இந்த வரி இப்போதைக்கு இருக்கட்டும்.]

கதை பிறந்த விதத்தை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் மாநில வழக்கறிஞர் சங்கத்தின் ஒழுங்குக் குழுவில் மூன்று பேர். மூன்றாவது ஆள் வக்கீலாக இருக்கக்கூடாது என்பது விதி. சட்டம் தெரியாது என்ற ஒரே தகுதியில் நான் உட்கார்ந்தேன். அறியாமைக்கும் ஒரு நாற்காலி!

2
ஆரம்பம் அ: மழை பெய்துகொண்டிருந்த அந்த...
(வேண்டாம். நல்ல வெயில்.)

ஆரம்பம் ஆ: செய்யாத கடைக் கொள்ளைக்காக ருஃபஸ் டில்மன் ஒன்பது வருடம் சிறையில் இருந்தார். "இவர் அந்த ஆளில்லை" என்ற கடைக்காரியின் வாக்குமூலத்தை அரசு வக்கீல் ப்ரெஸ்காட் ஹேலி எதிர்த்தரப்புக்குக் காட்டவேயில்லை. விடுதலையான டில்மன் கேட்பது ஒன்றுதான்: ஹேலி இனி யாரையும் உள்ளே தள்ளக்கூடாது.

3
ஹேலியை வில்லனாக்கப் பார்த்தேன். பாவி மனுஷன் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பேப்பர் எங்க இருந்துச்சு?" விசாரணையில் டில்மன் கேட்டார்.

"ஃபைல் மாறிடுச்சுங்க," என்றார் ஹேலி.

"ஒன்பது வருஷமாவா? செருப்பு தொலைஞ்சாக்கூட நான் ரெண்டு நாள் தேடுவேனே!"

"கேள்வியை என் மூலமா கேளுங்க, மிஸ்டர் டில்மன்," என்றார் குழுத் தலைவி லின்ட்வால்.

"சரிம்மா. உங்க மூலமாவே கேக்குறேன். ஒன்பது வருஷமாவா?"

நான் எழுந்து கைதட்டாத குறை. கதை கிடைத்துவிட்டது!

4
கதவை மூடினோம்.

"உரிமத்தைப் பிடுங்கிடலாம்!" என்றேன்.

"நல்ல மனுஷன் சார் அவரு," என்றார் குழுவில் இருந்த இன்னொரு வக்கீல் கிரேன்ஜர். "போன வருஷம் நாமதானே நன்னடத்தை விருது குடுத்தோம்?"

"அரசு வக்கீல் உரிமத்தை நாம பறிச்சதே இல்லை," என்றார் லின்ட்வால். "இப்ப ஆரம்பிச்சா எங்க போய் முடியும்?"

"நியாயத்துல."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
(அடிக்குறிப்பு: நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.)

வாக்கு: இரண்டுக்கு ஒன்று. தண்டனை: ஒரு கண்டனக் கடிதம், ஆறு மணி நேரத் தொழில் ஒழுக்க வகுப்பு.

5
முடிவு அ: ஹேலி கண்ணீர் மல்க... (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)
முடிவு ஆ: மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் இடிபோல் முழங்கி...
முடிவு இ: வாசகரே, பேனா உங்களிடம். எழுதும் முன் இதை மட்டும் கேளுங்கள்.

தீர்ப்பு வந்ததும் படிக்கட்டில் டில்மன் என்னை மறித்தார். "திங்கக்கிழமை அவரு கோர்ட்ல நிப்பாரா, சார்?"

"நிப்பாரு. ஆனா அந்த வகுப்புல உக்காந்தே ஆகணும்!" என்று உற்சாகமாகச் சங்கத்தின் அட்டவணையை எடுத்துப் பிரித்தேன்.

இந்த ஆண்டு ஒழுக்க வகுப்பு ஒன்றுதான். நடத்துபவர் ப்ரெஸ்காட் ஹேலி.

நடத்துபவருக்கும் அதே ஆறு மணி நேர வருகைப் பதிவு உண்டு.