கழுவாத கத்தரிக்கோல்

யோம் மல்சுன் வீட்டுச் சுவர்களில் பன்றிக்கொழுப்பு கசிய ஆரம்பித்தது மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அந்த வாரம் முட்டை விலை ஏறியிருந்தது, இஞ்சியோன் துறைமுகத்தில் நண்டு வரத்து குறைந்திருந்தது, எங்கள் தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள். கொழுப்பு முதலில் செருப்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து விரல் அகலத்துக்கு இறங்கியது. பிறகு கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தின் ரோஜாப்பூக்கள் ஒவ்வொன்றாகப் பளபளத்தன. மத்தியானத்துக்குள் வீடு முழுக்கக் கறி சுட்ட வாடை. மல்சுன் துணியால் துடைத்தாள், துடைத்த இடத்திலேயே திரும்ப ஊறியது. "சீ, என்ன கருமம் இது" என்று சொல்லிவிட்டு, துணியை ஒரு டப்பாவில் பிழிந்து மூடி வைத்தாள். சமையலுக்கு ஆயிற்று.

அந்த வீடு நாலாவது மாடியில் இருந்தது. எண் நானூற்று இரண்டு. லிஃப்ட் கிடையாது. கீழே தூண்கள், தூண்களுக்கு நடுவே கார் நிறுத்துமிடம், அதையே முதல் மாடி என்று எண்ணுவோம், அதற்கு மேல்தான் வீடுகள். மல்சுன்னின் புருஷன் தாக் கிவான் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்ததிலிருந்து அவர் அந்தப் படிகளில் இறங்கவில்லை, மூன்று குளிர்காலம் போய்விட்டது. கோல் ஊன்றிக் கூடத்துக்குள் நடப்பார், படி என்றால் முடியாது. நாளெல்லாம் ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். கீழே தெருவுக்கு எதிர்ப்பக்கம் முக்குக்கடை வாசலில் பிளாஸ்டிக் மேசை நாற்காலி போட்டு அவருடைய பழைய சிநேகிதர் ஓ சாங்யூ சதுரங்கம் ஆடுவார். மேலேயிருந்து கிவான் கத்துவார்: "குதிரைய நவுத்துடா, முட்டாப்பயலே! குதிரைய!" வாய் கோணிப்போனதால் பாதி வார்த்தை காற்றோடு போகும். சாங்யூ நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டிவிட்டு யானையை நகர்த்துவார். வீட்டை விற்றுவிட்டுத் தரையோடு தரையாக ஒரு பொந்து கிடைத்தாலும் போதும், இந்த மனுஷனை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு தடவையாவது உட்கார வைத்துவிட வேண்டும் என்பதுதான் மல்சுன்னுக்கு இருந்த ஒரே ஆசை.

அதற்காக அவள் பிடித்த வீட்டுப் புரோக்கர் மா தொக்பே. அவனைப் பற்றி எழுதும்போதே கை கழுவ வேண்டும்போல இருக்கிறது. தன் விசிட்டிங் கார்டின் முனையாலேயே பல் குத்துவான், அதே கார்டை அடுத்த ஆளிடம் இரண்டு கையாலும் பணிவாக நீட்டுவான். பளபளப்பான வெளிநாட்டுக் காரைத் தூண்களுக்கு நடுவே குறுக்கே நிறுத்திவிட்டு, குடியிருப்பவர்கள் ஹாரன் அடித்தால் "ரெண்டே நிமிஷம், அண்ணே" என்பான், சாயங்காலம்தான் எடுப்பான். வடக்குப் பார்த்த வீட்டைத் தெற்குப் பார்த்தது என்பான், ஈரம் பூத்த சுவரைக் குளிர்ச்சி என்பான். மல்சுன்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டான்: "அக்கா, தப்பா நெனக்காதீங்க. நோயாளி கெடக்குற வீட்ட எவனும் வாங்க மாட்டான். ஆளுங்க வர்றப்ப மாமாவப் பால்கனில உக்கார வச்சிடுங்க, முன்னால ரெண்டு போர்வையக் காயப் போட்டா போதும்." அவளும் அப்படியே செய்தாள். இருபத்தைந்து வருஷம் பஸ் நிறையச் சனங்களை ஏற்றிக்கொண்டு போன மனுஷன் ஈரப் போர்வைக்குப் பின்னால் இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூ! அப்படியும் வீடு விலைபோகவில்லை.

அப்போதுதான் தொக்பே கத்தரிக்கோல் யோசனையைச் சொன்னான். அது எங்களுக்குப் புதிதில்லை. விற்காத வீட்டில் செருப்பு அலமாரிக்குள் கத்தரிக்கோலைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் ஆள் வரும். உட்கார்ந்து சுட்டுத் தின்கிற கறிக்கடையில், அதிலும் வியாபாரம் கொழிக்கிற கடையில், சாப்பாட்டு மேசையில் கறி நறுக்கப் போட்டிருக்கும் கத்தரிக்கோலாக இருக்க வேண்டும், கேட்காமல் எடுத்ததாக இருக்க வேண்டும். எங்கள் தெருக் கறிக்கடைக்காரிகள் இதற்கென்றே மொத்தமாகக் கத்தரிக்கோல் வாங்கி வைத்திருப்பார்கள், திருடுகிறவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் எல்லாரும் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழுவிவிடுவார்கள். தொக்பே வேண்டாமென்று தடுத்தான். "கழுவுனா அதிர்ஷ்டமும் சேர்ந்து போயிடும், அக்கா." மல்சுன் நம்பினாள். கொழுப்பு வழிய, ஒரு துணுக்குக் கறி இடுக்கில் ஒட்டியிருக்க, அப்படியே நூலில் கட்டித் தொங்கவிட்டாள். மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஆள் வந்தது. எப்பேர்ப்பட்ட கூட்டம்! வாசனை படியிறங்கிப் பஸ் நிறுத்தம்வரை போயிருந்தது. முதலில் வந்தவர்கள் சுவரைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார்கள், அடுத்து வந்தவர்கள் நக்கினார்கள். ஜூன் மாதம் லெட்டூஸ் இலையும் பூண்டும் சோஜு சாராய பாட்டிலுமாகவே வீடு பார்க்க வந்தார்கள். சுவர்க் காகிதத்தைக் கீற்றுக் கீற்றாக உரித்தால் அது வாட்டிய தோல்போல மொறுமொறுவென்று இருந்தது. அதை இலையில் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டே "வெயில் எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டார்கள். மல்சுன்னின் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவைக் கேட்காமலே திறந்தார்கள். ஓட்டை சாக்ஸோடு வந்து, எண்ணெய்ப் பிசுக்குத் தரையில் வழுக்கி விழுந்து, விழுந்த இடத்தையும் வழித்துத் தின்றார்கள். இதில் பல் டாக்டர் ஒருவர், பள்ளிக்கூட ஆசிரியைகள் இருவர். தொக்பே கதவருகே நின்றுகொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், வாய் நிறைய மென்றபடி "நாளைக்கி இன்னொரு பார்ட்டி வருது, சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்று எல்லாரிடமும் சொன்னான். தின்று முடித்து எல்லாரும் யோசித்துச் சொல்வதாகப் போனார்கள்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முத்துத் தோடு போட்ட ஒருத்தி கையைத் துடைக்கத் துணி தேடிப் பால்கனிப் போர்வையை இழுத்தாள். பின்னால் கிவான் உட்கார்ந்திருந்தார். அவள் மென்றுகொண்டே புரோக்கரைத் திரும்பிப் பார்த்தாள். "இது வீட்டோட சேந்ததா?"

"இல்லைங்கம்மா," என்றான் தொக்பே. "அது சீக்கிரமே காலியாயிடும்."

மல்சுன் அடுப்பில் இருந்த கரண்டியை எடுத்தாள். கொதிக்கிற கொழுப்பு அதில் விளிம்புவரை இருந்தது. "அதுவா? என் புருஷன் உனக்கு அதுவாடா? தின்னது போதும், எறங்குங்கடா எல்லாரும்! எச்சக்கல நாய்ங்களா!" அவள் குரல் அவ்வளவு பெரிதென்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. கூட்டம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் உருண்டு புரண்டு ஓடியது. பல் டாக்டர் மட்டும் ஒரு கீற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மல்சுன் கதவை ஓங்கி அறைந்தாள். அறைந்த வேகத்தில், நாலு பக்கமும் கொழுப்பு ஊறியிருந்த அந்த வீடு, ஈரக் கையிலிருந்து சோப்பு நழுவுவதுபோல இருந்த இடத்தைவிட்டு நழுவியது.

மறுநாள் காலையில் அது மூன்றாவது மாடியில் இருந்தது. முன்னூற்று இரண்டு அதற்கு வழிவிட்டு மேலே போயிருந்தது. அந்த வீட்டுக்காரி ஒரு மாடி கூடுதலாக ஏற வேண்டியிருக்கிறதே என்று முனகினாள், மத்தியானம் நல்ல வெளிச்சம் வந்ததும் வாயை மூடிக்கொண்டாள். அந்த வாரம் வெயில் கொளுத்தியது. சுவர்கள் இன்னும் இளகின. வெள்ளிக்கிழமை அது இரண்டாவது மாடிக்கு வந்தது. கிவான் ஜன்னலிலேயே உட்கார்ந்திருந்தார். சாங்யூவின் முகம் நாளுக்கு நாள் பெரிதாகத் தெரிவதாகப் பெண்டாட்டியிடம் சொன்னார். அவள் அவருடைய வெளியே போகிற சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

சனிக்கிழமை தொக்பே புது ஆளோடு வந்து, காரை வழக்கம்போலத் தூண்களுக்கு நடுவே குறுக்கே நிறுத்தினான். அவன் படியேறிக்கொண்டிருக்கும்போதே வீடு அவனைத் தாண்டிக் கீழே போனது. அதிகச் சத்தமில்லை, தகர டப்பாவை மிதித்த மாதிரி ஒன்று கேட்டது, அவ்வளவுதான். ஓடி வந்து பார்த்தான். தூண்களுக்கு நடுவே நானூற்று இரண்டு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது, வாசல்படி தெருவோடு ஒட்டியிருந்தது. காரின் ஒரு கண்ணாடி மட்டும் ஓரமாக எட்டிப் பார்த்தது. அவன் குனிந்து அந்தக் கண்ணாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பிறகு, சும்மா சொல்லக்கூடாது, தொழில்காரன், கதவைத் தட்டினான்.

"அக்கா, தரைத்தளம்! வயசானவங்களுக்கு ஏத்த வீடு! இப்ப கேட்ட வெல கெடைக்கும்!"

"விக்கறதா இல்ல," என்றாள் மல்சுன். "தள்ளு. அவர் வெளிய வரணும்."

செருப்பு அலமாரியைத் திறந்து கிவானின் செருப்பை எடுத்தாள், கத்தரிக்கோலையும் அவிழ்த்தாள். அன்றைக்கே அது கறிக்கடைக்குப் போனது. கடைக்காரி அதைக் கழுவித் தட்டில் போட்டாள். கசிவு நின்றது. மழைக்காலத்தில் மட்டும் லேசாக வாடை வரும். கேஸ் கணக்கெடுக்க வருகிறவன் இன்றைக்கும் நாலு மாடி ஏறிப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே இறங்கி வருகிறான். காருக்கு நஷ்டஈடு கேட்கத் தொக்பே அலைந்தான். குடியிருப்பவர்களுக்கான நிறுத்துமிடத்தில் ஏன் நிறுத்தினாய் என்று எல்லாரும் அவனையே திருப்பிக் கேட்டார்கள்.

அன்றைக்குக் கிவான் இஸ்திரி போட்ட சட்டையில், ஒரு பக்கம் கோல், ஒரு பக்கம் மல்சுன், வாசல்படியைத் தாண்டித் தெருவில் கால் வைத்தார். தெருவைக் கடக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. மீன் வண்டிக்காரன் ஹாரன் அடிக்காமல் நின்றான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சிரைப்பு நின்றதும், சாங்யூவின் பலகையில் நல்ல கையை நீட்டிக் குதிரையை நகர்த்தினார். மூன்றே நகர்த்தலில் தோற்றுப்போனார்.

"மூணு வருஷமா மேலேர்ந்து கத்துனியே, இதுக்குத்தானா?" என்றார் சாங்யூ.

"மேலேர்ந்து பலகை எங்கடா தெரிஞ்சுது," என்றார் கிவான். "உன் வழுக்கதான் தெரிஞ்சுது. அடுக்கு, மறுபடி ஆடலாம்."