பதிமூன்று பேருக்கு வெட்டிய கான்

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பிரதீபன் பெரட்டுக்களத்துக்கு வருவதில்லை. காலையில் எல்லாரும் கூடி வேலைக்குப் பெயர் கொடுக்கும் அந்த இடம் வெட்டவெளி. தலைக்கு மேலே ஒரு கிளைகூடக் கிடையாது. அவன் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மர நிழலோடு நிழலாக நழுவி, நேரே தேயிலை மலைக்கு ஏறிவிடுவான். அவன் பெயரைக் கூப்பிடும்போது அவன் மனைவி ஷாமிளாதான், "முன்னாலயே போயிட்டாருங்க" என்பாள். ஏன் என்று கேட்டால் முதுகுவலி என்பாள். முதுகுவலிக்காரன் எதற்காக மரத்துக்கு மரம் ஓடுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பொய் தயாராக வைத்திருந்தாள்.

ரஷ்யாவில் பட்டாளத்துக் குசினியில் சமையல் வேலை என்று சொல்லித்தான் ஒரு ஏஜென்சிக்காரன் அவனை அனுப்பினான். அந்தக் குசினியை அவன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பதினைந்து நாள் பயிற்சி, கையில் துவக்கு, நேரே பதுங்குகுழி. தொடையில் இரும்புத் துண்டோடு திரும்பி வந்தவனை லயமே கூடிப் பார்த்தது, சோடா உடைத்துக் கொடுத்தது, வெளிநாட்டுக் கதை சொல்லச் சொன்னது. அவன் வாய் திறக்கவில்லை. ஒரு மாதத்தில் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஷாமிளா எங்கே போவாள்? பக்கத்து வீட்டில் கதவைப் படாரென்று சாத்தினால், அவன் மகளை வாரிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவான். பிள்ளையை அவன் கையிலிருந்து பிரித்தெடுக்கவே அவளுக்கு அரை மணி நேரம் ஆகும்.

திரும்பி வந்து ஐந்து மாதத்துக்குப் பிறகு, கான் வெட்டுகிறேன் என்று அவனாகவே சொன்னான். தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டும் வாய்க்கால்தான் கான். அன்றைக்கு ஷாமிளா கோயிலில் தேங்காய் உடைத்தாள். மூளை சரியில்லாதவன் என்று ஒரு வார்த்தை தோட்டத்து ஆபிசுக்குப் போனால் வேலையிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதன்பிறகு அவன் அந்த ஒற்றை அறையை விட்டு வெளியே வரவே மாட்டான். அதுதான் அவளுடைய பயமெல்லாம்.

வேலையின் நாலாம் நாள் காலை, கங்காணி மூக்கையா பெரட்டில் தொண்டையைச் செருமினார்.

"எட்டாம் நம்பருக்கு எதிர்த்த மலையில இன்னைக்கு ட்ரோன் வந்து மருந்து அடிக்குது. வாயப் பொளந்துகிட்டு நிக்காம கொழுந்த எடுங்க."

பெண்கள் சிரித்தார்கள். ஷாமிளா திரும்பி மலையைப் பார்த்தாள். பிரதீபன் கான் வெட்டுவது எட்டாம் நம்பர் மலையில்தான். ரஷ்யாவில் என்ன நடந்தது என்று அவன் அவளிடம் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருந்தான்: முதலில் தேனீ மாதிரி மேலே ஒரு சத்தம் வரும், பிறகு பக்கத்தில் நின்றவன் இருக்கமாட்டான். இதைக் கங்காணியிடம் இத்தனை பேருக்கு முன்னால் எப்படிச் சொல்வது? ஓட்டமாக ஓடி அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றாள். மகா முட்டாள்தனம். பாவம், ஐந்து மாதமாகப் பொய் சொல்லியே பழகிய வாய்.

அவள் மூச்சு வாங்க மேலே ஏறியபோது கொழுந்தெடுக்க மற்றப் பெண்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். மூன்று நாளாக அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத கங்காணி, அன்றைக்கென்று குறுக்குப் பாதையில் முந்திவந்து, அளவு கம்போடு குதித்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றரை அடி வெட்டச் சொன்னா கெணறு தோண்டி வச்சிருக்கியேடா!"

உண்மைதான். கான் நெஞ்சளவு ஆழத்துக்கு இறங்கியிருந்தது. தோண்டிய மண் வெளியே தெரியாமல், கவ்வாத்தில் கழித்துப்போட்ட தேயிலைக் குச்சிகளால் மூடியிருந்தது.

"மாணிக்கக் கல்லு தேடியிருப்பாருங்க, கங்காணி" என்றாள் மூத்தவளான ஜெயம்மா. ஒரே சிரிப்பு. உள்ளே நின்ற பிரதீபன் யாரையும் பார்க்காமல் மண்வெட்டியால் சுவரைச் செதுக்கிக்கொண்டிருந்தான்.

"நாளையிலருந்து நீ வேலைக்கு வராத. ஆபிசுல சொல்லிடுறேன்" என்றார் கங்காணி.

அந்த நேரம் பார்த்து எதிர்மலையிலிருந்து சத்தம் கிளம்பியது.

பிரதீபன் ஒரே தாவில் வெளியே வந்தான். குனிந்து பதுங்குவான் என்று ஷாமிளா நினைத்தாள். அவனோ ஜெயம்மாவைக் கூடையோடு தூக்கிக் கானுக்குள் இறக்கினான். "எறங்குங்க! எல்லாரும் எறங்குங்க!" என்று கத்தியபடி அடுத்தவளின் கையைப் பிடித்தான். அவள் வீரிட்டாள். கங்காணி கம்பை ஓங்கினார். ஷாமிளா நடுவில் விழுந்தாள்.

"அடிக்காதீங்கய்யா! முதுகுவலின்னு நான் சொன்னதெல்லாம் பொய்யிங்க. இந்தச் சத்தந்தான் அங்க இவரோட இருந்தவங்கள எல்லாம் கொன்னுச்சு. காலையில நீங்க சொன்னப்பவே நான் சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டுக்கிட்டு இருந்துட்டேன். தப்பு என்னோடதுங்க."

சொல்லிவிட்டு அவளே முதல் ஆளாகக் கானுக்குள் குதித்து, ஜெயம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவமானமெல்லாம் போய் உடம்பு லேசானது மாதிரி இருந்தது அவளுக்கு.

யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். பிரதீபன் ஒவ்வொருத்திக்கும் கை கொடுத்தான். ஒருத்தியையும் நழுவவிடவில்லை. கடைசியாகக் கங்காணியிடம் வந்தான்.

"நீங்களும் எறங்குங்க மாமா. எடம் இருக்கு. பன்னெண்டு பொம்பளைங்க, நீங்க ஒருத்தரு, பதிமூணு பேருக்கு அளந்துதான் வெட்டினேன். அங்க எல்லாருக்கும் குழி பத்தல, மாமா."

மூக்கையா கம்பைக் கீழே போட்டார். இரண்டு நிமிடத்துக்கு முன்னால்தான் அவனுக்கு வேலை இல்லை என்று சொன்னவர், விளிம்பில் உட்கார்ந்து உள்ளே சறுக்கினார்.

ஜெயம்மா தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். "பதிமூணு சரி தம்பி. ஒனக்கு எடம் எங்க?"

பிரதீபன் வெட்டவெளியில் அப்படியே நின்றான். தன்னைச் சேர்க்க வேண்டும் என்பதே அவன் நினைப்பில் இருந்திருக்கவில்லை. ஷாமிளா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"தள்ளுங்கம்மா, நெருங்கி உக்காருங்க" என்று அதட்டிய மூக்கையா, எட்டி அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தனக்கும் ஷாமிளாவுக்கும் நடுவில் உட்காரவைத்தார். எதிர்மலையில் ட்ரோன் தன்பாட்டுக்கு மருந்து தெளித்துக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை அவர் அந்தக் கையை விடவில்லை.

"ஆபிசுல துரைகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். "நாளைக்கு வந்து இன்னும் ரெண்டடி நீட்டி வெட்டு. ஒனக்கு."