தொண்ணூற்று நான்காம் பக்கம்

மனைவி பஸ்மியா மௌத்தாகி அறுபத்து மூன்றாம் நாள், றிகாஸ் அவளுடைய ஈ-ரீடரை அலுமாரியிலிருந்து எடுத்துச் சார்ஜில் போட்டான். பற்றரி செத்ததோடு பக்கமும் போயிருக்குமோ என்பதுதான் பயம்.

போகவில்லை. இங்கிலீஸில் வந்த அதே ஜப்பான் மங்கா படக்கதை. அதே தொண்ணூற்று நான்காம் பக்கம். ஒரு பெண் மூடிய கதவின் முன்னால், தட்டுவதற்குக் கையை உயர்த்தியபடி நிற்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பஸ்மியா இதைத்தான் அவனிடம் காட்டினாள். "கண் வலிக்குது. மிச்சத்த நாளைக்குப் பாப்பம்" என்று மூடிவைத்தாள். மறுநாள் அவள் கண் திறக்கவில்லை. டெங்கு என்றார்கள்.

அந்தப் பக்கம் அப்படியே இருக்கவேண்டும். அவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்போது திரையின் குறுக்கே ஓர் அறிவிப்பு விழுந்தது. 'பஸ்மியாவின் போனில் 131ஆம் பக்கம் வரை வாசித்திருக்கிறீர்கள். இன்று காலை 9.40. அங்கே போகவா?'

றிகாஸ் கதிரையைப் பிடித்துக்கொண்டான். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதி ஓய்ந்தது. மூன்றாம் முறை வாசித்தபோதுதான் மூச்சு வந்தது. போனை அவன்தான் மாமியிடம் கொடுத்திருந்தான், மகளின் குரல் அதில் இருக்கிறது என்று அவர் கேட்டதால். அதற்குள் இந்தக் கதையும் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை. மாமிக்கு இங்கிலீஸ் தெரியாது. அப்படியென்றால் வேறு யாரோ அவளுடைய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

'வேண்டாம்' என்பதைத் தொட்டான். ஈ-ரீடரைப் பையில் வைத்துக்கொண்டு மாமி இருக்கும் கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினான். போனைத் திருப்பி வாங்கிவிட வேண்டும்.

பஸ்மியாவின் உம்மா பரீதா தனியாகத்தான் இருந்தார். மூக்குக்கண்ணாடி, மடியில் அந்தப் போன்.

"வாங்க மகன். ஒரு கோல் எடுக்காம வாறீங்க. முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு."

"மாமி, இந்தப் போன ஆர் பாவிக்கிற?"

"நான்தான். ஏன், பில் கூடிட்டா?"

"அதுல ஒரு படக்கதை..."

"ஓம், பாக்கிறன். இண்டைக்கு அந்தத் தொப்பிக்காரன் திரும்ப வந்திருக்கான். ஆள் சரியான கள்ளன்."

றிகாஸ் நின்றபடியே இருந்தான். அவன் பட்டதாரி. ஒருமுறை இதே கதையை இடப்பக்கமிருந்து வாசித்துப் பார்த்து, கேள்விக்கு முன்னால் பதில் வருகிறது என்று எறிந்தவன். "ஓதத் தெரிஞ்ச ஆளுக்கு இது தெரியலியா?" என்று பஸ்மியா அன்று சிரித்த சிரிப்பு அடங்க நேரமெடுத்தது.

"உங்களுக்கு இது எப்பிடி விளங்குது?"

"எழுத்து எங்க விளங்குது? மூஞ்சியப் பாத்தா விளங்குதுதானே. முதல்ல ஒண்டும் புடிபடல்ல. பொறகு பாத்தா, வலப்பக்கமிருந்து போகுது. குர்ஆனத் தொறக்கிற பழக்கம், கை தானாப் போயிட்டு."

"ஏன் மாமி பாக்கிறீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவ மௌத்தான கிழமை எல்லாரும் பங்குபோட்டு குர்ஆன ஓதி முடிச்சம். அது அவட ஆகிறத்துக்கு, மறுமைக்கு. இது ஓதல் இல்ல, எனக்குத் தெரியும். ஆனா போனத் தொறந்த நேரம் அந்தப் பொண்ணு கதவுக்கு முன்னால நிண்டா. புள்ள பாதியில விட்டத அப்பிடியே விட எனக்கு ஏலாமப் போயிட்டு மகன்."

போனைக் கேட்க வந்த வாய் வேறெதையோ கேட்டது.

"கதவத் தொறந்தாங்களா?"

"உங்களுக்குத் தெரியாதா?" மாமி அவனை உற்றுப் பார்த்தார். "அங்கேயேவா நிக்கிறீங்க, இவ்வளவு நாளும்?"

அவன் பையைத் திறந்தான். ஈ-ரீடரை வெளியே எடுத்தான். மாமி தன் கதிரையை அவனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"எனக்கும் அவங்க என்ன கதைக்கிறாங்க எண்டு தெரியாது. நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

திரையின் வலது ஓரத்தைத் தொட்டான். தொண்ணூற்று மூன்று வந்தது. தெருவில் தனியாக நடந்துவரும் அதே பெண்.

"அந்தப் பக்கமில்ல மகன்" என்று மாமி அவன் மணிக்கட்டைப் பிடித்து இடப்பக்கம் நகர்த்தினார். "இங்கால."

தொண்ணூற்று நான்கு. பிறகு தொண்ணூற்றைந்து.

கதவு திறந்திருந்தது. ஒரு கிழவர், கையில் தேநீர்க் கோப்பையோடு.

"என்ன சொல்றார்?" என்றார் மாமி.

றிகாஸ் திரையைக் கிட்டப் பிடித்தான். "பிந்திட்டியே, உள்ள வா எண்டுறார்" என்றான்.