மொந்தலேராவில் எத்தனை தலை

எர்மெத்தே பல்தோனிக்கு ரத்தம் கொதித்ததில் நியாயம் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. மொந்தலேராவில் பத்தொன்பதாயிரம் பேர். மைதானத்தில் பதினோராயிரம் இடம். சொந்த ஊரில் ஆட்டம் என்றால் அத்தனையும் நிரம்பி, டிக்கெட் கிடைக்காதவர்கள் வெளியே சாலையோரம் நின்று சத்தத்தை வைத்தே ஆட்டம் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஊர்க் கால்பந்து அணிக்கு ஆதரவாளர்கள் மொத்தமே ஆயிரத்து நூற்று நாற்பது பேர் என்று ஒரு கம்பெனி நாலு பேருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதினால் வயிறு எரியாதா?

எழுதிவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியாது. தொலைக்காட்சிக்காரர்கள் தரும் பணத்தில் ஒரு பங்கு, எந்த அணிக்கு எத்தனை தலை என்று பார்த்துத்தான் பிரிக்கப்படுகிறது. தலை அதிகம் உள்ள அணிக்குப் பணம் அதிகம். பணம் அதிகம் உள்ள அணிக்கு நல்ல ஆட்டக்காரன். நல்ல ஆட்டக்காரன் போகிற இடத்துக்கே மறுபடியும் தலைகள் போகும். இனம் இனத்தோடு சேரும், பணம் பணத்தோடு சேரும். ஆகமொத்தம் கோப்பை யுவென்டஸ், இன்டர், மிலான் என்று மூன்று பெரிய அணிகளின் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்; எப்போதாவது வேறொருவன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போவான்.

எர்மெத்தே டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவர். முப்பத்தொரு வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைத் திட்டியே பிழைப்பு நடத்தியவருக்கு ரசிகர் மன்றத் தலைவர் பதவி வந்ததில் ஆச்சரியமில்லை. கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுக்கும்போதே கால்பந்தில் சமநீதியையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார். "போட்டின்னா யார் ஜெயிப்பான்னு தெரியக்கூடாதுய்யா. முன்னாடியே தெரிஞ்சா அதுக்குப் பேரு போட்டி இல்ல, பூசை!" என்பார். பாவம், கற்றுக்கொள்ள வந்தவன் அந்த நேரத்தில் ரவுண்டானாவைத் தவறான பக்கமாகச் சுற்றிக்கொண்டிருப்பான்.

அந்த இலையுதிர் காலத்தில் விஷயம் வாய்ப்பேச்சைத் தாண்டிவிட்டது. எண்பத்தொரு வருடச் சரித்திரத்தில் முதல்முறையாக மொந்தலேரா முதல் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஆட்டத்தில் பதினான்கு கோல். அதில் ஒன்பதை அடித்தவன் மிர்கோ என்கிற இருபத்துமூன்று வயதுப் பையன். அவன் இருந்தால் கரை சேரலாம்; போனால் மூழ்கி இரண்டாம் பிரிவுக்கே திரும்புவது நிச்சயம். ஷூவுக்கு அடிப்பாகம் செய்யும் ஃபாக்டரியும் இந்த அணியும் வைத்திருக்கிற தத்தேயி, எர்மெத்தேயைக் கூப்பிட்டனுப்பினார்.

"எனக்கும் அந்தப் பையன் மேல ஆசைதான் பல்தோனி. ஆனா ஜனவரியில பெரிய எடத்துலேர்ந்து கேட்டு வந்தா எதை வெச்சுத் தடுக்கறது? இந்த வருஷம் தலைக்கணக்கு ஏறுச்சுன்னா பாங்க்காரன் எனக்கு மூச்சு விட நேரம் குடுப்பான். ஏறலைன்னா மிர்கோவ வித்துத்தான் ஆகணும்."

"ஏத்திக் காட்டறேன் சார். என் பொறுப்பு," என்று மார்தட்டிவிட்டு வந்தார் எர்மெத்தே.

மறுநாளே சர்ச் மண்டபத்தில் கூட்டம். மேடையேறியதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"யாருய்யா அந்தத் துரோகி? போன வருஷம் போன் வந்தப்ப வேற டீம் பேரைச் சொன்ன புண்ணியவான் யாரு? எழுந்திருக்கட்டும்!"

ரொட்டிக்கடை நெல்லோ கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் எழுந்தார்.

"என்னைக் கேட்டாங்க பிரசிடெண்ட். நான் யுவென்டஸ்னு சொன்னேன்."

"அடப்பாவி! முப்பது வருஷமா என் பக்கத்துல நின்னு தொண்டை கிழியக் கத்தறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"இதுல வெக்கம் எங்க வந்துச்சு? உங்களுக்குப் பிடிச்ச டீம் எதுன்னு அந்தப் பொண்ணு கேட்டா. எங்கப்பா யுவென்டஸ், நானும் யுவென்டஸ். மொந்தலேரா பிடிச்ச டீமா? அது நம்ம வீடுய்யா! பிடிச்ச நடிகை யாருன்னு கேட்டா எவனாவது பொண்டாட்டி பேரைச் சொல்வானா?"

மண்டபமே சிரித்தது. "இவரு சொல்ல மாட்டாரு, அது எனக்கு நல்லாவே தெரியும்," என்று மூன்றாவது வரிசையிலிருந்து எர்மெத்தேயின் மனைவி லொரெதானா சொன்னாள். சிரிப்பு இரண்டு மடங்கானது.

நெல்லோ வாயைத் திறந்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. தபால்காரர் இன்டர். மருந்துக்கடை அம்மாள் யுவென்டஸ். கடைசியில் பாதிரியார் தோன் ஃபெலிச்சேயும் மெல்லக் கையைத் தூக்கினார்.

"ஃபாதர், நீங்களுமா?"

"மிலான். என்னப்பா பண்றது, கேட்டா பொய் சொல்லக்கூடாதே."

எர்மெத்தே தலையில் கைவைத்தார். ஆனால் அவர் மட்டும் என்ன வானத்திலிருந்து குதித்தவரா? சின்ன வயதில் சர்ச்சில் முதல் நற்கருணை வாங்கியதற்கு அவருடைய அப்பா வாங்கித் தந்தது இன்டரின் நீலக் கறுப்புச் சட்டை. அது ஊரறிந்த கதை. போன வருடம் அவரை யாரும் போனில் கூப்பிடவில்லை, அந்த ஒரு காரணத்தால் அன்று அவர் யோக்கியர். அதை அவரே ஒப்புக்கொண்டார்.

"எனக்கும் இன்டர் உண்டு. இல்லேங்கல. ஆனா இன்னியோட அதை மூட்டை கட்டிட்டேன். இனிமே போன் வந்து கேட்டா ஒரே பதில். எங்க, எல்லாரும் சொல்லுங்க!"

"மொந்தலேரா!" என்று மண்டபம் அதிர்ந்தது.

அதற்குப் பிறகு ஊர் பட்ட பாட்டைக் கேட்க வேண்டுமே! வீடு வீடாக நோட்டீஸ். டிரைவிங் ஸ்கூலில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பதில் தெரியாதவனுக்கு லைசென்ஸ் பரீட்சைக்குத் தேதி கிடையாது. தோன் ஃபெலிச்சே தன் மனச்சாட்சியோடு இரண்டு நாள் போராடிவிட்டு, பிறந்த மண்ணை நேசிப்பதும் தேவகட்டளைதான் என்று ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து அப்பாயின்ட்மென்டுக்காகப் போன் வந்தபோது நெல்லோ ரிசீவரை எடுத்ததும் "மொந்தலேரா!" என்று கத்தினார். எதிர்முனையில் இருந்த பெண் பயந்துபோய் வைத்துவிட்டாள். பல்வலி மேலும் ஒரு வாரம் அவரோடு இருந்தது.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமையிலிருந்து போன் வர ஆரம்பிக்கும் என்று தத்தேயி மோப்பம் பிடித்துச் சொல்லியிருந்தார். அன்று மதியம் மன்றத்தில் மிர்கோவுக்கு விருந்து. இறைச்சி அடைத்துப் பொரித்த ஆலிவ் மலைபோல் குவிந்திருந்தது, வெள்ளை வைன் ஜாடி ஜாடியாக வந்துகொண்டிருந்தது. நாற்பது பேருக்கு நடுவில் மிர்கோ கூச்சத்தோடு உட்கார்ந்து தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நீ எங்கயும் போக வேணாண்டா தங்கம். அதுக்கு வேண்டியதைப் பண்ணியாச்சு," என்று எர்மெத்தே அவன் தோளைத் தட்டிய கையை எடுக்கவில்லை, அதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"சார், கால்பந்து பத்தி ஒரு சின்ன சர்வே. ரெண்டு நிமிஷம் பேசலாமா?" என்றது ஒரு பெண்குரல்.

எர்மெத்தேயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விரலை உதட்டில் வைத்து எல்லோரையும் அடக்கிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

"தாராளமா பேசலாம்மா. கேளு, கேளு."

"நீங்க ஆதரிக்கிற டீம் எது சார்?"

"மொந்தலேரா!" என்றார் அவர். அவரோடு சேர்ந்து நாற்பது தொண்டைகளும் சொல்லின. கண்ணாடிக் கோப்பைகள் அதிர்ந்தன.

"சார், ஒருத்தர் மட்டும் பேசணும்," என்றாள் அவள், காதைத் தேய்த்துக்கொண்டிருப்பவள் குரலில். "சரி, எழுதிக்கிட்டேன். இந்த வருஷம் புதுசா இன்னொரு கேள்வி இருக்கு. இந்த சீசன்ல யார் பட்டம் ஜெயிக்கணும்னு உங்க ஆசை?"

"பட்டமா?" எர்மெத்தே சிரித்துவிட்டார். "நாங்க பதினாலாவது எடத்துல இருக்கோம்மா."

"எத்தனாவது எடம்னு கேக்கல சார். உங்க ஆசையைத்தான் கேக்கறேன். முதல் கேள்விக்குப் பல ஊர்ல சொல்லிக்குடுத்த மாதிரி பதில் வருதாம். அதனால இந்த ரெண்டாவது பதிலைத்தான் கணக்குல எடுக்கப்போறாங்க."

நாற்பது ஜோடிக் கண்களும் எர்மெத்தேயின் வாயைப் பார்த்தன. மிர்கோகூட முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. இரண்டு வாரமாக ஊருக்கே அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தை. அதைச் சொன்னால் ஒரு தலை ஏறும். அப்படியே ஒவ்வொன்றாக ஏறினால் இந்தப் பையன் இங்கேயே இருப்பான்.

எர்மெத்தே உண்மையாகவே முயன்றார். மே மாதம், நம்ம மைதானம், நம்ம கேப்டன் கையில் கோப்பை என்று மனத்துக்குள் ஒரு படம் போட்டுப் பார்த்தார். படம் ஓடவில்லை. கீழ்ப் பிரிவுக்கு இறங்காத கடைசி இடமான பதினேழாவது இடத்தில் தப்பித்துப் பிழைப்பதை அவர் ஆயிரம் தடவை கனவு கண்டிருக்கிறார். ஒருமுறை வைன் கொஞ்சம் கூடிப்போன மதியத்தில் ஒன்பதாவது இடம் வரை போயிருக்கிறார். அதற்கு மேல் போக அவர் மனத்தில் படியே கட்டியிருக்கவில்லை. கோப்பை என்று நினைத்தாலே அது தானாக வேறு வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"இன்டர்," என்றார் எர்மெத்தே.

நெல்லோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"என்னது, இன்டரா? இந்த வருஷமும் இன்டரா? அவங்க டிஃபென்சைப் பாத்தியா நீ? ஓட்டைச் சல்லடை!"

"உங்க யுவென்டஸ் மட்டும் என்னத்தக் கிழிச்சுச்சாம்?" என்று தபால்காரர் மேசையை ஓங்கித் தட்டினார்.

"சண்டை வேண்டாம், சண்டை வேண்டாம். நியாயமாப் பாத்தா இந்த வருஷம் மிலான்தான்," என்று தோன் ஃபெலிச்சே சமாதானம் பண்ண வந்தார். எரிகிற தீயில் எண்ணெய் வார்த்ததுதான் மிச்சம். மருந்துக்கடை அம்மாள் பாதிரியார் என்றும் பார்க்காமல் அவர் மேல் ஒரு ஆலிவை வீசினாள். நாற்பது பேரும் மூன்று கட்சியாகப் பிரிந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்கள். விட்டுப்போன பெயர் ஒன்று உண்டு என்பதை அங்கே ஒருவரும் கவனிக்கவில்லை. மிர்கோ மட்டும், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல், "நானும் சின்ன வயசுலேர்ந்து இன்டர்தான்," என்றான்.

"சார், அங்க ஒரே சத்தமா இருக்கு. நான் என்ன எழுதட்டும்?"

"காதுல விழுந்ததை எழுதிக்கம்மா," என்று சொல்லி எர்மெத்தே போனை அணைத்தார். அவருக்கு அழுகை அழுகையாக வந்தது. லொரெதானா அவர் கோப்பையில் வைன் ஊற்றினாள்.

அதற்குப் பிறகு ஊரில் யார் யாருக்குப் போன் வந்தது, கதவைச் சாத்திக்கொண்டு யார் என்ன சொன்னார்கள் என்று கேட்பதற்கு யாருக்கும் முகமில்லை. எர்மெத்தேயும் கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பார்? ஜனவரியில் கணக்கு வந்தது. ஆயிரத்து நூற்று நாற்பதாக இருந்த தலை ஆயிரத்துத் தொண்ணூற்றாறாகி இருந்தது. அடுத்த வாரமே தத்தேயி மிர்கோவை இன்டருக்கு விற்றார். பையன் ஊரைவிட்டுப் போன அன்று எர்மெத்தே பாடம் எதுவும் எடுக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலைச் சாத்திவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொண்டார்.

மார்ச் மாதம் இன்டர் மொந்தலேராவுக்கு ஆட வந்தது. நம் அணி அப்போது பத்தொன்பதாவது இடத்தில் இருந்தது. அன்று வெளியூர் ரசிகர்கள் வரக்கூடாது என்று கலெக்டர் உத்தரவு போட்டிருந்ததால் மைதானத்தில் இருந்தது முழுக்க முழுக்க ஊர்ச் சனம்தான். மிர்கோ நீலக் கறுப்புச் சட்டையில் வந்து நின்றதும் பதினோராயிரம் பேரும் எழுந்து கைதட்டினார்கள். ஒருவன்கூட விசிலடித்து அவமானப்படுத்தவில்லை. முதல் வரிசையில் எர்மெத்தேயும் உள்ளங்கை சிவக்கத் தட்டினார்.

எழுபத்தோராவது நிமிடம் வரை பூஜ்யத்துக்குப் பூஜ்யம். ஒரு புள்ளி கிடைத்தாலும் போதும், உயிர் பிழைக்க இன்னும் வழி உண்டு. அப்போது வலது ஓரத்திலிருந்து வந்த பந்தை மிர்கோ நெஞ்சில் வாங்கி, இடது காலால் மேல் மூலைக்குள் அடித்தான்.

மைதானம் செத்துப்போயிற்று. பழைய அணிக்கு எதிராகக் கோல் அடித்தவன் கொண்டாடக் கூடாது என்பது மரியாதை. மிர்கோ அந்த மரியாதையைக் காப்பாற்றினான். தலையைத் தொங்கப்போட்டு, மன்னிப்புக் கேட்பதுபோல் இரண்டு கையையும் நம் ரசிகர்கள் பக்கம் கூப்பினான். கட்டிப்பிடிக்க ஓடிவந்த தோழர்களையும் விலக்கிவிட்டான்.

அந்த மௌனத்துக்கு நடுவே, நம் ரசிகர்கள் கூட்டத்தின் முதல் வரிசையில், ஒரே ஒருவர் மட்டும் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கிக் "கோல்!" என்று கத்திக்கொண்டிருந்தார். யாரது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எர்மெத்தேயும், தூக்கிய கைகளை இறக்காமலேயே, திரும்பிப் பார்த்தார்.